உலகம்மாளின் இடது கை

என் மனைவி உலகம்மாள் போன சாரல் காலத்தில், தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இறந்துபோனாள். பக்கவாதம் வந்து சேர்த்தோம். பக்கவாதத்தால் அவள் சாகவில்லை. அதிலிருந்து தேறி வந்துகொண்டிருந்தவள், சாப்பிட்டதும் குடித்ததும் நுரையீரலுக்குள் இறங்கியதால் செத்தாள். அப்படி இறங்கியதற்கு நான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர் வீட்டிலும் நாளைக்கு ஒருவர் இப்படிப் படுக்கக்கூடும் என்பதால் மற்றதையும் எழுதுகிறேன்.

நான் செவிலியர் கல்லூரி ஒன்றில் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆண் நர்ஸாகத்தான் தொடங்கினேன். சில வருடம் வார்டில் நின்றேன். மேற்படிப்பு முடிந்து வகுப்பறைக்குள் போனவன், அப்புறம் வார்டுப் பக்கம் திரும்பவில்லை. நான் நடத்திய பாடம் நர்ஸிங் கோட்பாடுகள். ஊசி போடவும் காயம் கட்டவும் தெரிந்தால் போதாதா, நர்ஸுக்குக் கோட்பாடு எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. போதாது என்று விளக்குவதுதான் எனக்குச் சம்பளம். ஒரு நோயாளியின் கட்டிலுக்கு முன்னால் நிற்கும்போது எதைக் கவனிக்க வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும், எந்த இடத்தில் நம் கையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கெல்லாம் ஒரு ஒழுங்கான யோசனை தேவை. அந்த யோசனைக்குப் பெயர்தான் கோட்பாடு. இதை இன்றைக்கும் நம்புகிறேன். உலகம்மாள் செத்த பிறகும் நம்புகிறேன்.

அவளுக்கு இதில் மரியாதை கிடையாது. "காய்ச்சல்னா நெத்தியில கைய வைக்கணும். அதுக்கு இத்தத் தண்டி புஸ்தகமா?" என்பாள். அவள் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். அந்தக் காலத்தில் தென்காசியில் போன் வைத்திருந்த வீடுகளில் அவள் குரல் தெரியாத வீடு இருக்காது. பேச்சில் அவளை மடக்க முடியாது.

ஓட்டலுக்குப் போனால் அவளுக்கும் சேர்த்து நானே சொல்லிவிடுவேன், இரண்டு ரவா தோசை என்று. ஒருநாள் சப்ளையர் நகர்ந்ததும் கேட்டாள்.

"எனக்கு ரவா தோசை பிடிக்கும்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"இத்தன வருசமா சாப்பிடுதியே."

"நீங்க சொல்லுதீய, நான் சாப்பிடுதேன். எக்ஸ்சேஞ்சுல முன்னப்பின்ன தெரியாதவன்ட்டகூட யாரு வேணும்னு கேட்டுட்டுத்தான் லைன் குடுப்பேன். நீங்க கேக்காமலே குடுத்துருவீய."

நான் சிரித்தேன். அன்றைக்கும் அவள் ரவா தோசைதான் சாப்பிட்டாள்.

எங்கள் வீடு தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில், மேலகரத்தில். நோய் வந்த அன்று காலையில் நல்ல சாரல். எனக்கு முன்னால் எழுந்து காபி போட்டிருக்க வேண்டியவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இடது கையால் மட்டும் கொண்டை போடப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கை யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி மடியில் கிடந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. "உலகு" என்றேன். என்னமோ சொன்னாள். சொல்லாக வரவில்லை. அவளுக்கே அது கேட்டுவிட்டது. பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

அடுத்த வீட்டுக்காரர் காரில் கிளம்பினோம். சீசன் நேரம். குற்றாலத்தை நோக்கி வேன்கள் எதிர்ச் சாரியில் வரிசையாக நின்றன. ஜன்னல்களில் துண்டு தொங்கியது, உள்ளே பாட்டும் கூத்தும். எங்கள் வழியிலும் குறுக்கே ஏறி வந்தார்கள். இவள் தலை என் தோளில் சாய்ந்து ஆடிக்கொண்டே வந்தது.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், மூளையில் இரத்தம் கசியவில்லை, இடது பக்கம் போகிற ஒரு குழாயில் அடைப்பு என்றார். மூளையின் இடப்பக்கம்தான் உடம்பின் வலப்பக்கத்தை ஆளுகிறது. பெரும்பாலானோருக்குப் பேச்சும் அங்கேதான். அடைப்பைக் கரைக்க ஊசி உண்டு. வியாதி தொடங்கிய சில மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

"எப்ப ஆரம்பிச்சது சார்?"

தெரியாது. தூக்கத்தில் வந்திருக்கிறது. பக்கத்தில் படுத்திருந்த எனக்குத் தெரியாது. நேரம் தெரியாமல் அந்த ஊசியைப் போடுவது ஆபத்து என்று மாத்திரைகளோடு நிறுத்திக்கொண்டார்கள். இதில் யார் மேலும் குற்றமில்லை.

மறுநாள் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்றார்கள். பெரிய காந்தத்துக்குள் படுக்க வைத்துப் படம் எடுப்பது. உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. கம்மல், மூக்குத்தி, மெட்டி எல்லாம் கழற்றியாயிற்று. தாலியில் கை வைத்ததும் என் தங்கை சண்முகத்தாய் குறுக்கே வந்தாள். வாசுதேவநல்லூரிலிருந்து செய்தி கேட்டதும் பஸ் ஏறி வந்திருந்தாள்.

"வெறுங் கழுத்தோட மயினிய உள்ள அனுப்ப மாட்டேன், ஆமா." கோயில் வாசலுக்கு ஓடிப்போய் மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் வாங்கி வந்து, கட்டிவிட்டுத்தான் தாலிச் சங்கிலியை எடுக்க விட்டாள். சங்கிலியைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். உலகம்மாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

வார்டுக்குப் போனபோது பொறுப்பு நர்ஸ் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். "சார்... நீங்களா?" மும்தாஜ். கடையநல்லூர்ப் பெண், என் மாணவி. பின் பெஞ்சில் உட்கார்ந்து, வாயே திறக்காமல் எல்லாவற்றையும் எழுதிக்கொள்வாள். வாய் திறக்காதது அவள் குறையில்லை. என் வகுப்பில் சந்தேகம் கேட்பதை நான் ஊக்குவித்ததில்லை. பாடம் தெளிவாக நடத்தினால் சந்தேகம் ஏன் வர வேண்டும் என்பது என் எண்ணம்.

"எங்க சார், எனக்குப் பாடம் எடுத்தவங்க" என்று மற்ற நர்ஸுகளிடம் சொன்னாள். அதிலிருந்து நான் வார்டுக்குள் நுழைந்தாலே எல்லாரும் எழுந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

முதல் நாட்களில் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டு, அதில் கஞ்சியும் பாலும் ஊற்றினார்கள். பக்கவாதத்தில் கையும் காலும் மட்டும் விழுவதில்லை. தொண்டையும் விழும். நாம் விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாயை மூடிக்கொள்ளும் தசைகள் சரியாக வேலை செய்யாது. அதனால்தான் குழாய்.

பெங்களூரிலிருந்து மகள் கோமதி வந்து சேர்ந்தாள். அம்மாவின் தலையைச் சீவி, படுக்கையில் அழுத்தாதபடி பக்கவாட்டில் பின்னிவிட்டாள். பில் கவுண்டரிலிருந்து காகிதம் வந்தால் என் கைக்கு வருமுன் வாங்கிக்கொண்டு இறங்கிப் போய்விடுவாள். இன்றுவரை மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. சண்முகத்தாய் பிளாஸ்க்கில் வெந்நீரும் எனக்கு இட்லியும் வாங்கி வருவாள். வெளியே காத்திருக்கும் அறையில் அருவிப் பாறையில் வழுக்கி விழுந்த ஆட்கள் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருப்பார்கள். "மயினி எந்திரிக்கட்டும், அஞ்சருவிக்குக் கூட்டிட்டுப் போய் தலைய நல்லாக் காட்டிட்டு வருவோம்" என்று சண்முகத்தாய் அந்த முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பேச்சு போனாலும் நாம் சொல்வது உலகம்மாளுக்குப் புரிந்தது. மும்தாஜ் அதற்கு ஒரு வழி செய்திருந்தாள். உலகம்மாளின் இடது கையில் தன் விரலைக் கொடுத்து, "அம்மா, ஆமான்னா ஒருக்க அமுக்குங்க. இல்லன்னா ரெண்டு தடவ" என்று பழக்கினாள். "ஃபேனக் குறைக்கட்டுமா?" ஓர் அமுக்கு. "திரும்பிப் படுக்கீங்களா?" இரண்டு. இந்த வித்தை வந்ததும் உலகம்மாளின் கண் கொஞ்சம் தெளிந்தது. மும்தாஜ் அப்படித்தான் அவளோடு பேசினாள். கோமதியும் கற்றுக்கொண்டாள். நான் அந்த விரலைக் கொடுத்ததே இல்லை. நாற்பது வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு, அவள் முகத்தைப் பார்த்தாலே தெரியாதா என்று இருந்தேன்.

அவள் தேறத் தொடங்கினாள். வலது கால் விரல்கள் அசைந்தன. குழாயை எடுத்துவிடலாம், விழுங்குவதைச் சோதித்துவிட்டு வாய் வழியாகத் தொடங்கலாம் என்றார் டாக்டர். அவள் இனி வாயால் சாப்பிடுவாளா என்பதுதான் எங்கள் எல்லாருக்கும் அப்போது பெரிய கேள்வி. சாப்பிட்டுவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

அந்தச் சோதனை எளிமையானது. நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்து ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுக்க வேண்டும். குரல்வளையில் விரல் வைத்து அது மேலே எழுந்து இறங்குகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். விழுங்கிய பின் ஒரு சத்தம் எழுப்பச் சொல்ல வேண்டும். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது மாதிரி கொளகொளவென்று இருந்தால், தண்ணீர் இறங்காமல் மூச்சுக்குழாயின் வாயில் நிற்கிறது என்று அர்த்தம். இப்படிப் பல ஸ்பூன் பார்த்த பிறகுதான் டம்ளர். இருமல் வரவில்லை என்பதை மட்டும் நம்பக் கூடாது. தொண்டையில் உணர்ச்சி குறைந்திருந்தால் இருமலே வராமல் சத்தமில்லாமல் உள்ளே இறங்கும். இதையெல்லாம் பரீட்சைத் தாள்களில் எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். குரலைக் கவனிப்பதை விட்டுவிட்டவர்களுக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

சோதிக்க வேண்டிய அன்று காலையில் மும்தாஜ் வருமுன் நானே இரண்டு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தேன். விழுங்கினாள். இருமவில்லை. சந்தோஷத்தில் எனக்கு அதற்கு மேல் பார்க்கத் தோன்றவில்லை.

மும்தாஜ் டம்ளரும் ஸ்பூனுமாக வந்து நின்றாள்.

"பாத்தாச்சும்மா. நல்லா முழுங்குதா" என்றேன்.

"நானும் ஒருக்க பாத்துரட்டுமா சார்?"

"நான் பாத்தா பாத்த மாதிரி இல்லையாம்மா?"

விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் லேசாகச் சிரித்துவிட்டு, அந்த ஸ்பூனைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

நர்ஸிங் கோட்பாடுகளில் ஒன்று இப்படிச் சொல்கிறது: ஒரு மனிதன் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள விரும்புகிறவன். நோயில் அந்தத் திறன் எவ்வளவு குறைந்திருக்கிறதோ அந்த அளவு மட்டுமே நர்ஸ் கை கொடுக்க வேண்டும். வகுப்பில் இதற்கு முழுத் துணை, பாதித் துணை, பக்கத்துத் துணை என்று பெயர் வைத்திருந்தேன். மயங்கிக் கிடப்பவருக்கு எல்லாம் நாம் செய்வது முழுத் துணை. பக்கத்தில் நின்று அவரையே செய்ய விடுவது பக்கத்துத் துணை. நல்ல கோட்பாடு. அதனால் எத்தனையோ பேர் கட்டிலை விட்டு எழுந்திருக்கிறார்கள். உலகம்மாளைப் பக்கத்துத் துணையில் நானாகவே போட்டுக்கொண்டேன்.

குழைத்த இட்லியை அவள் முன்னால் வைத்து, இடது கையில் ஸ்பூனைக் கொடுத்தேன். பாதி மேலே சிந்தியது.

"அப்பா, நான் ஊட்டுதேனே" என்றாள் கோமதி.

"கூடாது. முடிஞ்சத அவளே செய்யணும். நீ ஊட்டுனா அந்தக் கை படுத்துரும்."

"அம்மாவுக்குக் கஷ்டமா இருக்குப்பா."

"கஷ்டமாத்தான் இருக்கும்."

டம்ளரையும் அவளே தூக்கிக் குடித்தாள். நான் கைதட்டினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள்.

அன்றிலிருந்து சாப்பிட்டு முடித்ததும் உலகம்மாள் இடது கையைக் கழுத்துக்குக் கொண்டுபோகத் தொடங்கினாள். மஞ்சள் கயிறு கிடந்த இடத்தில் விரல்கள் தடவும், நிற்கும், மறுபடி தடவும். என்னைப் பார்ப்பாள். மறுபடி கழுத்து.

சண்முகத்தாய்தான் முதலில் சொன்னாள். "அண்ணே, மயினி தாலியத் தேடுதா."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இன்னொரு கோட்பாடு நினைவுக்கு வந்தது. நோயாளியை அவருடைய பண்பாட்டுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும், அவர் எதைப் புனிதமாக நினைக்கிறாரோ அது பராமரிப்பின் பகுதி என்று சொல்கிற கோட்பாடு. நான் விரும்பி நடத்திய பாடம் அது. மும்தாஜைக் கூப்பிட்டேன்.

"அம்மா கைய எங்க கொண்டு போறான்னு பாத்தியா?"

"பாத்தேன் சார். தொண்டையில ஏதும் பண்ணுதோன்னு..."

"இல்லம்மா. தாலிய எடுத்துட்டோம்லா, அதத் தேடுதா. இது எங்க பழக்கம், உனக்குச் சட்டுனு பிடிபடாது. பண்பாட்டுப் பராமரிப்புன்னு வகுப்புல சொன்னேனே, இதுதான் அது."

"எங்கள்லயும் தாலி மாதிரி கருகமணி உண்டு சார். எங்க உம்மா ஆபரேசனுக்குப் போறப்ப அதக் கழட்ட மாட்டேன்னு டாக்டரோட மல்லுக்கு நின்னுச்சு. ஆனா..."

"அதத்தான் நானும் சொல்லுதேன்" என்று முந்திக்கொண்டேன். பக்கத்தில் நின்ற இரண்டு இளம் நர்ஸுகளுக்கும் சேர்த்து ஒரு சின்ன வகுப்பே எடுத்துவிட்டேன். மும்தாஜ் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். எங்கள் தாலியைப் பற்றி நான் சொல்லும்போது அவள் என்ன மறுப்பது? அதுவும் சாரிடம்?

சண்முகத்தாய் பையிலிருந்து சங்கிலியை எடுத்தாள். நானே கழுத்தில் போட்டேன். உலகம்மாளின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சண்முகத்தாயும் அழுதாள், கோமதியும் அழுதாள். உலகம்மாள் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் தொண்டைமேல் வைத்து அழுத்தினாள். விடவே இல்லை.

நன்றி சொல்கிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த நாளும் கை கழுத்துக்குப் போனது. தாலி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறாள் என்றேன்.

அன்று சாயங்காலம் சண்முகத்தாய் குற்றாலத்தில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு மங்குஸ்தான் பழம் வாங்கி வந்தாள். "மயினிக்குன்னு கடைக்காரனோட சண்ட போட்டுப் பொறுக்குனேன். அவன் 'ஆச்சி, நீங்களே கடைய நடத்துங்க'ங்கான்." உலகம்மாளுக்கு மங்குஸ்தான் என்றால் உயிர். சீசனில் கூடையைப் பார்த்தால் விலை கேட்காமல் உட்கார்ந்துவிடுவாள். நான் மேல்தோட்டை உடைத்து வெள்ளைச் சுளையை நீட்டினேன். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மங்குஸ்தானுக்கு உலகம்மாள் முகத்தைத் திருப்புகிறாள். அதற்கு மேல் ஓர் அறிகுறி வேண்டுமா? மனம் தளர்கிறாள், விடக் கூடாது என்றுதான் நான் நினைத்தேன். "ஒரு சுளை உலகு. எனக்காக" என்றேன். திரும்பி என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

நான் நீட்டினேன், அவள் சாப்பிட்டாள். ரவா தோசை மாதிரி.

இருட்டுவதற்குள் காய்ச்சல் ஏறியது. மூச்சு இரைத்தது. விரலில் மாட்டுகிற கருவியில் பிராணவாயுவின் அளவு இறங்கிக்கொண்டே போனது. மும்தாஜ் ஓடி வந்து ஆக்ஸிஜன் வைத்தாள், நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாள். வலது நுரையீரலின் அடிப்பகுதி வெள்ளையாக இருந்தது. அங்கே இருட்டாக இருக்க வேண்டும். உணவும் தண்ணீரும் எச்சிலும் மூச்சுக்குழாய் வழியே இறங்கிச் சீழ் பிடிப்பதற்கு ஆஸ்பிரேஷன் நிமோனியா என்று பெயர். ஒரு சுளையால் வந்ததில்லை. முதல் இட்லியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு வேளையும் அவள் கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் டாக்டர் நின்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

"வாய் வழியா ஆரம்பிக்கறதுக்கு முன்னால விழுங்கறத டெஸ்ட் பண்ணினது யாரு?"

நான் இருந்தேன். கோமதி இருந்தாள். மும்தாஜ் இருந்தாள். தரையில் ஒரு டைல்ஸ் மூலை உடைந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான்தான் டாக்டர்" என்றாள் மும்தாஜ்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவளை வார்டிலிருந்து எடுத்து, வெளிநோயாளிகளுக்கு ஊசி போடும் அறைக்கு மாற்றினார்கள்.

செயற்கை மூச்சு வைத்தார்கள். வாய் வழியே குழாய் விட்டு, இயந்திரம் காற்றைத் தள்ளுவது. வலி தெரியாமல் மயக்கத்தில் வைத்திருந்தார்கள். உள்ளே கொஞ்ச நேரம்தான் விடுவார்கள். இடது கை கட்டிலோரம் இருக்கும். அதற்குள் என் விரலைக் கொடுத்து, "உலகு, நான் பேசுதது கேக்கா?" என்று கேட்பேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். அமுக்கு எதுவும் வரவில்லை. சாரல் விட்டு வெயில் அடித்த ஒரு காலையில் அவள் போனாள்.

வீட்டில் குளிப்பாட்டி, பட்டுக் கட்டி, பூ வைத்துப் படுக்க வைத்தார்கள். வந்த பெண்கள் ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். "குடுத்து வச்ச மகராசி. தாலியோட போயிட்டா." சண்முகத்தாய் அதற்கு மேல் ஒன்று சொன்னாள். "கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டுல்லா போனா எங்க மயினி!" பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். நான் எழுந்து கொல்லைப் பக்கம் போனேன்.

நர்ஸிங்கில் முதல் படி தகவல் திரட்டுவது: பார்ப்பது, தொடுவது, கேட்பது. அதற்கப்புறம்தான் பிரச்சினைக்குப் பெயர் வைப்பதும், திட்டமும், செயலும். கடைசியாக, செய்தது பலித்ததா என்று திரும்பிப் பார்ப்பது. முதல் வருடப் பிள்ளைகள் இதைத் தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பார்கள். கோட்பாடு எல்லாமே இந்த முதல் படிக்குத்தான் சேவகம் செய்கிறது. இன்னின்னதைக் கேட்கத் தவறாதே என்று நினைவூட்டுவதற்காக அது இருக்கிறது. கேட்கிற வேலையை அது நமக்குப் பதிலாகச் செய்யாது. இரண்டு நல்ல கோட்பாடுகளை நான் கையில் வைத்திருந்தேன். இரண்டையும் கொண்டு என் மனைவியின் வாயை அடைத்தேன்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் கோமதி லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன எழுதுத?"

"கம்ப்ளைன்ட். அந்த நர்ஸ் மேல. டெஸ்ட் பண்ணுனேன்னு அவளே ஒத்துக்கிட்டால்லா. ஒழுங்காப் பாத்திருந்தா அம்மா இருந்திருப்பா."

அப்போதுதான் சொன்னேன். ஸ்பூனோடு வந்தவளைத் திருப்பி அனுப்பியதைச் சொன்னேன். தொண்டையில் ஏதும் பண்ணுதோ என்று அவள் கேட்டதையும், நான் பாடம் எடுத்ததையும், டாக்டர் கேட்டபோது தரையைப் பார்த்ததையும் சொன்னேன். கோமதி எழுதியதை அழித்தாள். லேப்டாப்பை மூடினாள்.

"அம்மா உங்க கையப் பிடிச்சு வச்சா. நான் பக்கத்துலதான நின்னேன். நானும் அழுதுட்டு நின்னுட்டேன்."

"உனக்கென்னட்டி தெரியும்."

"உங்களுக்குத் தெரியும்லாப்பா."

லேப்டாப்பைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அந்தப் பொண்ணுட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"மொதல்ல அங்க போங்க."

கோமதி இப்போதும் போன் செய்கிறாள். சாப்பிட்டாச்சா என்று கேட்பாள். ஆச்சு என்பேன். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு நீளுவதில்லை.

முதலில் டாக்டரைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். மும்தாஜ் சோதிக்கவில்லை, சோதிக்க வந்தவளைத் தடுத்தது நான் என்றேன். அவர் கேட்டுவிட்டு, "வருத்தப்படாதீங்க சார், இந்த வயசுல யாருக்கும் நடக்கறதுதான்" என்றார். ஆறுதல் வேண்டாம், அவளை வார்டுக்குத் திரும்ப அனுப்புங்கள் என்றேன். பார்க்கிறேன் என்றார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. பக்கவாதம் வந்தவருக்குச் சோதித்துப் பார்க்காமல் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். சாப்பிட்ட பின் குரல் மாறினாலும், கை தொண்டைக்குப் போனாலும், பிடித்த பண்டத்தை ஒதுக்கினாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். அவர் சோதிக்க வந்தால் விலகி இடம் விடுங்கள். நீங்கள் யாராக இருந்தாலும் சரி.

பிறகு ஊசி போடும் அறைக்குப் போனேன். மும்தாஜ் எழுந்து நின்றாள்.

"உக்காரும்மா. இனிமே எனக்கு எந்திரிக்காத."

அவள் உட்காரவில்லை. டாக்டரிடம் சொன்னதைச் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்ல முடிந்தது.

"ஏம்மா நீ ஏத்துக்கிட்ட?"

"பாக்க வேண்டியது என் வேலதான சார். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். நீங்க வீட்டுக்குப் போன நேரத்துலயாவது அம்மாட்ட போயிருக்கலாம். சாருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்களோன்னு இருந்துட்டேன்."

வெளியே ஊசிக்கு வந்த குழந்தை ஒன்று அழுதுகொண்டிருந்தது. எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. பல நாட்களாக அது என்னைத் தூங்க விடவில்லை.

"அன்னைக்குத் தாலியப் பத்திப் பேசிட்டிருந்தப்ப, உங்க உம்மா கருகமணியச் சொல்லிட்டு, 'ஆனா'ன்னு ஆரம்பிச்ச. நான் முடிக்க விடல. என்னம்மா சொல்ல வந்த?"

அவள் கையிலிருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெருசா ஒண்ணுமில்ல சார். ஆனா, அம்மாட்டயே ஒருக்க கேட்டுருவமான்னுதான் சொல்ல வந்தேன். கைய அமுக்கிச் சொல்லியிருப்பாங்க."